நாலாவது மூலை

அவித்த நெல்லைக் களத்தில் கொட்டிப் பலகையால் இழுத்துப் பரப்பிவிட்டால் அதற்கப்புறம் தரை கண்ணுக்குத் தெரியாது. ஆவி பறக்கும் நெல் மட்டுமே தெரியும். பெண்கள் வரிசையாக அதில் இறங்கிப் பாதத்தைத் தூக்காமல் இழுத்து இழுத்து நடப்பார்கள். ஒவ்வொரு காலுக்குப் பின்னாலும் ஒரு சால் விழும். அடியில் கிடந்த நெல் மேலே வரும். மணிக்கு ஒரு தரம் இப்படித் துழாவ வேண்டும். விட்டால் நெல் பழுப்பேறி நாற்றம் பிடித்துவிடும். துழாவுகிறவள் கீழே பார்ப்பதில்லை. பார்த்தும் பயனில்லை. தரை அங்கே இருக்கும் என்று கால் தானாகப் போகிறது.

விழுப்புரம் ஸ்டேஷனுக்குக் கிழக்கே இருந்த ரைஸ் மில்லில் இருதயமேரி நாலு வருஷமாக இந்த வேலை செய்துவந்தாள். அவள் புருஷன் சவுரிராயனுக்கு அதே மில்லில் கொத்து வேலை. அவர்கள் சேரியிலிருந்து, சுண்ணாம்பு பூசும் கரணையைக் கையில் பிடித்தவன் அவன் ஒருவன்தான். பத்து வருஷம் சித்தாளாகச் சுண்ணாம்பு சுமந்து, அடுத்தவர் கையைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்ட வேலை அது. மில் மேஸ்திரி துரைக்கண்ணு முதலாளியிடம் தன் பொறுப்பில் பேசி, புதுக்களம் போடும் வேலையை முழுசாக அவனிடம் கொடுத்திருந்தார். ஆளைப் பார்க்காதீங்க, வேலையைப் பாருங்க என்று அவர் சொன்னதாக மில்லில் எல்லோருக்கும் தெரியும். கொஞ்சம் பேருக்கு அது பிடிக்கவில்லை என்பதும் தெரியும்.

உலகச் சண்டை தொடங்கி இரண்டாவது தை மாசம். புதுக்களத்துக்கு எடுத்த நிலத்தில் மாடு கட்டி இறைத்த பழைய கமலைக் கிணறு ஒன்று இருந்தது. மூன்று ஆள் ஆழம். நெல் ஊறவைத்த தொட்டித் தண்ணீர் முழுதும் ஒரு சாக்கடை வழியாக அதற்குள் போய் விழும்படி செய்திருந்தார்கள். கிணற்றின்மேல் ரயில்வேயில் கழித்த தண்டவாளத் துண்டுகளைப் போட்டுச் செங்கல் பாவி மூடியாயிற்று. தூர் வார ஆள் இறங்குவதற்காக, நடுவில் இரண்டு தண்டவாளத்துக்கு இடையே ஒரு வாய் மட்டும் விட்டிருந்தார்கள். யார் போட்ட தண்டவாளமோ, மேற்குப் பக்கத்தில் இருந்தது நேராக இல்லை. வடக்கே போகப் போக விலகிக்கொண்டு போயிற்று. அதனால் வாய் சதுரமாகவும் இல்லை, நீள்சதுரமாகவும் இல்லை. தெற்கே ஒரு முழம் என்றால் வடக்கே ஒரு முழமும் நாலு விரற்கடையும்.

சண்டைக்காலத்தில் இரும்பு மூடிக்கு எங்கே போவது? கல்லால் மூட வேண்டும் என்று முடிவாயிற்று. கல் களத்துக்கு மேலே துருத்தக் கூடாது. தண்டவாளத்தின்மேல் பள்ளமாக உட்கார வேண்டும். அதன்மேல் காரை பூசிக் களத்தோடு களமாக மறைத்துவிட வேண்டும். மேடாக இருந்தால் பலகை இடிக்கும், பள்ளமாக இருந்தால் தண்ணீர் நின்று நெல் நாறும். வருஷத்துக்கு ஒரு தரம் காரையைக் கொத்திக் கல்லை எடுத்துத் தூர் வாரிக்கொள்ளலாம் என்றார் துரைக்கண்ணு.

சவுரிராயன் வாயின்மேல் ஒரு கோணியை விரித்து, ஓரத்தைக் கரியால் கோடிழுத்து, அந்தக் கோட்டிலேயே வெட்டி எடுத்தான். மேல்பக்கம் எது என்று மறக்காமல் இருக்க அதில் கரியால் ஒரு சிலுவை போட்டான். காலை வண்டியில் திண்டிவனம் போய், கல்வேலை செய்கிற மண்ணாங்கட்டியிடம் கொடுத்தான். கல் நாலு விரற்கடை கனம். அடிப்பக்கத்தில் சுற்றிலும் ஒரு படி செதுக்க வேண்டும். அந்தப் படிதான் தண்டவாளத்தில் உட்கார்ந்து கல்லைப் பள்ளத்தில் நிறுத்தும். படி அடிப்பக்கம் என்பதால் மண்ணாங்கட்டி கல்லைக் குப்புறப் போட்டுத்தான் வேலை செய்தான். கோணியில் எது மேல்பக்கம் என்று கேட்டான். சிலுவை போட்டது என்றான் சவுரிராயன். மண்ணாங்கட்டி சிலுவை மேலே தெரியும்படி கோணியைக் கல்லின்மேல் விரித்துக் கோடிழுத்தான். கல் குப்புறக் கிடக்கிறது, அப்படியானால் கோணியையும் குப்புறப் போட வேண்டும் என்பது இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. இரண்டு பேரும் வெற்றிலை போட்டுக்கொண்டார்கள்.

பத்து நாள் கழித்து ஒரு சனிக்கிழமை கல் வந்து இறங்கியது. மூட்டை தூக்குகிற இரண்டு பேர் கடப்பாரையால் நெம்பி வாயில் இறக்கிவிட்டுக் கூட்ஸ் ஷெட்டுக்குப் போய்விட்டார்கள். சவுரிராயன் தனியாக நின்று பார்த்தான். வாயின் கோணல் ஒரு பக்கம், கல்லின் கோணல் மறுபக்கம். அவன் படியைக் கொத்திப் பார்த்தான். கடப்பாரையை விட்டு நகர்த்திப் பார்த்தான். எப்படி வைத்தாலும் மூன்று மூலை உட்கார்ந்தது. வடமேற்கு மூலை உட்காரவில்லை. அந்த இடத்தில் கல்லுக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே அவன் கை உள்ளே போயிற்று. போன கைக்குக் கீழேயிருந்து புளித்த வெந்நீரின் ஆவி வந்தது.

கல்லைப் புரட்டிப் போட்டால் நாலு மூலையும் உட்காரும் என்று அவனுக்குத் தெரிந்தது. ஆனால் படி மேலே வந்துவிடும். கல் களத்தைவிட உயர்ந்து முட்டிக்கொண்டு நிற்கும். வேறு கல் அடிக்க இன்னும் பத்து நாள். எட்டு நாளில் புதுக்களத்துக்கு நெல் வருகிறது. அவன் கல்லைப் புரட்டவில்லை. ஓட்டாஞ்சில்லும் செங்கல் துண்டும் சுண்ணாம்பும் வைத்து அந்த மூலைக்கு அண்டைகொடுத்தான். அதன்மேல் காரை பூசினான்.

சாயந்திரம் துரைக்கண்ணு வந்து ஒரு செம்புத் தண்ணீரைக் காரையின்மேல் ஓரமாக ஊற்றினார். தண்ணீர் எங்கும் நிற்காமல் ஓடிக் களத்து ஓரத்து வாய்க்காலில் விழுந்தது. அவர் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, வேலைன்னா இதான்டா சவுரி என்றார். யாரையும் அவர் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. அந்த நேரத்திலேயே அந்த மூலையைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். சவுரிராயன் தலையைக் குனிந்து கரணையைத் துடைத்தான்.

எட்டு நாள் காரையின்மேல் வைக்கோலைப் போட்டு ஈரம் காயாமல் தண்ணீர் தெளித்துவந்தான். ஒவ்வொரு தரமும் அந்த மூலைக்கு வரும்போது கால் தானாக விலகிப் போயிற்று. வேகன்களை இடித்துக் கோக்கும் சத்தம் ஜங்ஷனிலிருந்து வந்தால், காரையில் விரிசல் விழுகிறதா என்று குனிந்து பார்த்தான். விரிசல் எதுவும் இல்லை. இல்லாததுதான் அவனை அதிகம் பயமுறுத்தியது. விரிசல் விட்டிருந்தால் யாராவது பார்த்துவிடுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்வந்த பிறகு இருதயமேரி கேப்பைக் களியும் கருவாட்டுக் குழம்பும் வைத்தாள். அவன் ஒரு கவளத்தை உருட்டி, குழம்பில் தோய்த்து, திரும்பவும் தட்டிலேயே வைத்தான்.

"எட்டு நாளாப் பாக்கறேன். உருட்டறே, வைக்கறே. எவளாவது மருந்து வச்சிட்டாளாய்யா?"

அவன் சிரிக்கவில்லை. வெளியே கோழி ஒன்று குப்பையைக் கிளறிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"நாளைக்கு எந்தக் களத்துல பரப்பறாங்க?"

"புதுக்களத்துலதான். மேஸ்திரி சொல்லிட்டாரு."

"நீ போவாத."

"ஏன்?"

"ஒடம்பு சரியில்லைன்னு சொல்லிடு."

"என் ஒடம்புக்கு இன்னா? நான் போவாட்டி என் சாலுல கோவிந்தம்மா நடப்பா. இன்னான்னு சொல்லு."

அவன் தட்டை நகர்த்திவைத்தான். "மூடிக்கல்லு ஒரு மூலை ஒக்காரல."

"எந்த மூலை?"

"ரயில்ரோட்டுப் பக்கம்."

"அடியில இன்னா கீது?"

"ஓட்டாஞ்சில்லு வச்சி அண்ட குடுத்துக்கீறேன்."

"தாங்குமா?"

அவன் தரையில் சிந்திய குழம்பை விரலால் துடைத்தான்.

"நான் ஏறுனா தாங்குமா, அத்தச் சொல்லு."

"நடுவுல நின்னா தாங்கும்."

இருதயமேரி சட்டியை மூடிவைத்தாள். மூடியைச் சரியாக உட்காரவைக்க இரண்டு தரம் திருப்ப வேண்டியிருந்தது. பிறகு அவன் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"மேஸ்திரிகிட்டச் சொல்லிடுய்யா."

"சொன்னா கரணைய வாங்கிடுவாரு. அதோட போச்சா? சேரிக்காரன் கையில குடுத்தா இப்படித்தான்னு பேசிக்கினு கெடப்பாங்க. நம்பாளு எவனும் அப்பால அந்தப் பக்கம் கரணையோட போவ முடியாது. மேஸ்திரிக்கும் மொகம் இருக்காது. பத்து நாள் குடு மேரி. திண்டிவனம் போயி வேற கல்லு அடிச்சிக்கினு வந்து, நெல்லு இல்லாத நாளாப் பாத்து மாத்திடறேன்."

"பத்து நாளு."

"ஆமா."

"ஒரு நாளைக்கு எட்டுத் தரம் துழாவறோம். பன்னெண்டு பேரு." அவள் விரலை மடக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிட்டாள். "எத்தினி காலுய்யா அது?"

அவன் வைத்துவிட்ட களியை அவள் எடுத்துத் தண்ணீரில் கரைத்து மறுநாளைக்கு வைத்தாள். வேலைக்குப் போகமாட்டேன் என்றும் சொல்லவில்லை, போகிறேன் என்றும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலையில் பனி இருந்தது. கொப்பரையிலிருந்து நெல்லைக் கூடை கூடையாகக் கொண்டுவந்து கொட்டினார்கள். புதுக்களம் முழுதும் ஆவியில் மறைந்தது. வரிசை பிரியும்போது, ரயில்ரோட்டு ஓரத்துச் சால் தனக்கு வேண்டும் என்று இருதயமேரி கேட்டு வாங்கிக்கொண்டாள். அங்கேதான் வெயில் நேராக முகத்தில் அடிக்கும், யாரும் கேட்கமாட்டார்கள். கோவிந்தம்மாளுக்கு வியப்பு. களத்தில் மூத்தவள் அவள்தான். கறுத்துப் போய்ப் புருஷனை மயக்கப் போறியாடி என்று கேட்டாள். மற்றவர்கள் சிரித்தார்கள். இருதயமேரியும் கூடச் சிரித்தாள்.

சவுரிராயன் தொட்டிச் சுவரில் பூச்சு வேலை செய்துகொண்டிருந்தான். அங்கிருந்து களம் முழுதும் தெரியும். அவள் வடக்கே போனாள். மூடிக்கல் இருக்கும் இடத்துக்குப் பத்தடி முன்னால் அவள் நடை மாறியது. பாதத்தை இழுக்காமல் வைத்து வைத்து நடந்தாள். ஓர் இடத்தில் நின்று, வலது காலைச் சுற்றிக்கொண்டுபோய் அந்தப் பக்கத்தில் ஊன்றினாள். திரும்பி வரும்போதும் அப்படியே. பக்கத்துச் சாலில் வருகிறவள் கொஞ்சம் இந்தப் பக்கம் ஒதுங்கினால், இருதயமேரி தோளால் இடித்து அவளைத் தள்ளிவிட்டாள். கரணையில் எடுத்த சுண்ணாம்பு காய்ந்து விழும் வரைக்கும் சவுரிராயன் அதைச் சுவரில் அடிக்கவில்லை.

இரண்டாம் தரம். மூன்றாம் தரம். வெயில் ஏறியது. துழாவிய நெல் வெளுத்துக்கொண்டு வந்தது. அவள் கால் படாத இடம் மட்டும் ஈரம் காயாமல் கறுப்பாக நின்றது. மதியத்துக்குள் அந்தக் கறுப்பு ஒரு வடிவத்துக்கு வந்துவிட்டது. வடக்கே அகலமாக, தெற்கே குறுகலாக. கல் எங்கே இருக்கிறது என்று எட்டு நாளாக மறைத்துவைத்ததை அவள் நெல்லின்மேல் எழுதிக்காட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அது தெரியவில்லை. அவள் கீழே பார்க்கவில்லை.

துரைக்கண்ணு பார்த்தார். களத்து ஓரத்தில் நின்று, ஒரு பிடி நெல்லை அந்தப் பக்கமிருந்து எடுத்துவரச் சொன்னார். நசுக்கி மூக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, இது யாருடைய சால் என்று கேட்டார். இருதயமேரி என்றதும், கோபமில்லாமல்தான், கோவிந்தம்மா நீ போய் அந்த இடத்தைத் துழாவு, அவளுக்கு இன்னிக்கு ஒடம்பு சரியில்லை போலிருக்கிறது என்றார்.

கோவிந்தம்மாள் புடவையைச் சற்றுத் தூக்கிச் செருகிக்கொண்டு நடந்தாள். கனத்த உடம்பு அவளுக்கு. இருதயமேரி அவளுக்கு முன்னால் ஓடிவந்து வழியில் நின்றாள். தானே செய்துவிடுவதாகச் சொன்னாள். கோவிந்தம்மாள், போடி, உன் பவிசு தெரியும் என்று அவளை விலக்கினாள். இருதயமேரி விலகவில்லை. முகத்தைத் தொட்டிப் பக்கம் திருப்பிப் புருஷனைப் பார்த்தாள். பிறகு தானே அந்தக் கறுப்பு நெல்லை நோக்கி ஓரடி வைத்தாள்.

சவுரிராயன் அதற்குள் களத்தில் இறங்கிவிட்டான். நெல்லை மிதித்துக்கொண்டு கையெல்லாம் சுண்ணாம்பாக வந்தான். களத்தில் ஆண்கள் அப்படி இறங்குவதில்லை. பெண்கள் எல்லோரும் நின்றுவிட்டார்கள். மனைவியின் கையைப் பிடித்து இழுத்துப் பின்னால் நிறுத்தினான்.

"மேஸ்திரி, அதுல யாரும் கால் வைக்க வேணாங்க."

"ஏன்டா?"

"கல்லு தப்பா அடிச்சிக்கினு வந்துட்டேங்க. இந்த மூலை சும்மா நிக்குதுங்க. அடியில ஒண்ணும் இல்லீங்க."

துரைக்கண்ணு அந்தக் கறுப்பு நெல்லைப் பார்த்தார். தண்ணீர் ஊற்றிப் பார்த்த அந்தச் சாயந்திரத்தை நினைத்தாரோ என்னவோ. மூட்டை தூக்குகிறவர்கள் வேகன் ஏற்றக் கூட்ஸ் ஷெட்டுக்குப் போயிருந்தார்கள். அவரே போய் அரை மூட்டை நெல்லை இழுத்துவந்தார். சவுரிராயன் ஒரு பக்கம் பிடித்தான். இரண்டு பேருமாக அதை உருட்டி அந்த மூலையில் விட்டார்கள்.

சத்தம் பெரிதாக இல்லை. காரை பொரிகிற மாதிரி ஒரு சின்ன ஓசை. கல்லின் ஒரு பக்கம் இறங்கியது, எதிர்ப்பக்கம் நெல்லைத் தள்ளிக்கொண்டு எழுந்தது. மூட்டை சரிந்து உள்ளே போயிற்று. சுற்றியிருந்த நெல் அதன் பின்னால் சரசரவென்று வழிந்தது. மூட்டை அடியில் போய்ச் சேர்ந்த சத்தம் வருவதற்கு, எல்லோரும் ஒரு மூச்சு பிடித்து விடும் நேரம் ஆயிற்று. கல் குறுக்கே சாய்ந்து தண்டவாளத்தில் மாட்டிக்கொண்டு நின்றது.

கோவிந்தம்மாள் தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

துரைக்கண்ணு கேட்டார். "வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாதுங்க. நான் ஒருத்தன்தான்."

"எனுக்கும் தெரியும்" என்றாள் இருதயமேரி.

கோவிந்தம்மாள் நிமிர்ந்தாள். "எப்பலேர்ந்துடி தெரியும்?"

"நேத்து மத்தியானத்துலேர்ந்து."

"காலையில நாங்க எறங்கும்போதே தெரியும்."

"தெரியும்."

"சிரிச்சியேடி" என்றாள் கோவிந்தம்மாள்.

துரைக்கண்ணு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அவர் குரல் தாழ்ந்து போயிருந்தது. "மூட்டைய எடுத்துக் குடுத்துட்டு, கரணைய வச்சிட்டுப் போயிடு சவுரி. நான் மொதலாளிகிட்டப் போயி இன்னா சொல்லப் போறேன்னு எனக்கே தெரியல." அவர் ஆபீஸ் பக்கம் நடந்தார்.

கடப்பாரையால் கல்லை நெம்பி ஒதுக்கிவிட்டு, முதலில் ஒரு அரிக்கேன் விளக்கை ஏற்றிக் கயிற்றில் கட்டி உள்ளே விட்டார்கள். பழைய கிணற்றில் கெட்ட காற்று இருந்தால் விளக்கு அணைந்துவிடும். அணையவில்லை. கயிற்றைப் பிடிக்க ஆண்கள் இல்லை. பெண்கள் வரிசையாகப் பிடித்தார்கள். முதல் கை கோவிந்தம்மாளுடையது. இருதயமேரி கயிற்றைத் தொட வந்தபோது, யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் நடுவில் இடம் விடவுமில்லை. அவள் கடைசியில் போய் நின்றாள்.

சவுரிராயன் இறங்கினான். தண்ணீர் தொடை வரைக்கும் இருந்தது. சூடு. புளிப்பு நாற்றம் கண்ணில் அடித்தது. சேற்றுக்குள் காலால் துழாவி மூட்டையைக் கண்டுபிடித்துக் கயிற்றைச் சுற்றிக் கட்டினான். இழுங்க என்றான். மூட்டை சுவரில் மோதி மோதி மேலே போயிற்று. வாயருகே வந்ததும் வெளிச்சம் முழுதும் அடைந்து இருட்டாயிற்று. பிறகு மூட்டை வெளியே போய்விட, வானம் தெரிந்தது.

அவன் அண்ணாந்து பார்த்தான். மேலிருந்து அளந்தபோது இருந்த கோணல் கீழிருந்து பார்க்கும்போது மறுபக்கம் புரண்டு கிடந்தது. மண்ணாங்கட்டி அடித்த கல் அச்சாக இதே வடிவம்தான். உள்ளே நின்று பார்க்கிறவனுக்கு அளவெடுத்த மாதிரி. இங்கிருந்து மூடினால் ஒரு நூல் இடைவெளி இருக்காது.

கயிறு திரும்பி வரவில்லை.

வாயில் ஒரு தலையும் தெரியவில்லை. பேச்சுச் சத்தம் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வேறொரு சத்தம் தண்டவாளத்தின் வழியாக இறங்கிவந்தது. கால்கள் நெல்லில் இழுபடும் சத்தம். துழாவ நேரமாகிவிட்டது, அவர்கள் துழாவப் போய்விட்டார்கள். சத்தம் தலைக்குமேல் வந்து, விலகி, களத்தின் தெற்குக் கோடி வரைக்கும் போயிற்று. அதில் தன் மனைவியின் கால் எது என்று பிரித்துக் கேட்க முயன்றான். எல்லாக் கால்களும் ஒன்றுபோலவே கேட்டன. கூப்பிட வேண்டும் என்று வாய் வரைக்கும் வந்தது. அவர்கள் இழுக்கமாட்டோம் என்றால் அதைக் காதால் கேட்க வேண்டியிருக்கும். பேசாமல் நின்றான். தொட்டியை யாரோ திறந்துவிட்டிருக்க வேண்டும், சாக்கடை வழியாகப் புதுத் தண்ணீர் வந்து அவன் தோளில் விழுந்தது. தொடையில் இருந்த தண்ணீர் இடுப்புக்கு ஏறிக்கொண்டிருந்தது.

சத்தம் வடக்கே திரும்பி வந்து நின்றது. கோவிந்தம்மாளின் தலை வாயில் தெரிந்தது. வெளிச்சம் பின்னால் இருந்ததால் முகம் தெரியவில்லை. அவள் வெகுநேரம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மேல வந்தா இன்னா செய்வே?"

"கல்லப் பொரட்டிப் போடுவேன்."

"முட்டிக்கினு நிக்குமே. நெல்லு ஒதுங்குமே. மேஸ்திரி ஒத்துக்கமாட்டாரு."

"நாலு மூலையும் ஒக்காரும்."

"உன்னத்தான் போவச் சொல்லிட்டாரே."

"பொரட்டிப் போட்டுட்டுப் போறேன்."

தலை மறைந்தது. மேலே யாரோ யாரிடமோ ஏதோ சொன்னார்கள். வார்த்தை புரியவில்லை. பிறகு கயிற்றின் நுனி ஆடி ஆடி இறங்கிவந்து அவன் முகத்தில் இடித்தது. நனைந்து கனத்திருந்தது. மறுமுனையில் எத்தனை கைகள், யாருடைய கைகள் என்று அவனுக்குத் தெரியாது. சவுரிராயன் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். இழுத்துப் பார்க்காமலே இரண்டு காலையும் தண்ணீரிலிருந்து எடுத்தான்.